கிக்ஸ்டார்ட் கோப்பில் ஃபயர்வால்

டிஸ்க் பிரிப்பு முடிந்தது, நெட்வொர்க் வரியும் எழுதியாயிற்று. இந்த இடத்தில் பலர் நேராகப் பேக்கேஜ் பட்டியலுக்குத் தாவிவிடுவார்கள். "ஃபயர்வாலை அப்புறம் ஆன்சிபிளில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது வழக்கமான சமாதானம். அந்த 'அப்புறம்' சில நிமிடமாகவும் இருக்கலாம், வெள்ளிக்கிழமை மாலை இன்ஸ்டால் செய்த சர்வர் என்றால் திங்கள் காலை வரைக்கும் நீளலாம். அதுவரை அந்த இயந்திரம் எந்த நிலையில் நெட்வொர்க்கில் நிற்கிறது என்பதை இந்த அத்தியாயத்தில் எழுதப்போகும் நாலைந்து வரிகள்தான் தீர்மானிக்கின்றன.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை 2003-இல் விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் நேரிலேயே பார்த்தார்கள். ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று அதே ஓட்டை வழியாக, 135-ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டு பிளாஸ்டர் வார்ம் கிளம்பியது. புதிதாக எக்ஸ்பி போட்ட கணினியை நெட்டில் இணைத்து அந்த பேட்ச்சை இறக்கப் போனால், அது இறங்கி முடிவதற்குள் வார்ம் உள்ளே வந்துவிடும். திரையில் 60 வினாடி எண்ணிவிட்டு இயந்திரம் தானாக ரீபூட் ஆகும். எக்ஸ்பியில் ஃபயர்வால் இல்லாமல் இல்லை. இருந்தது, ஆனால் இயல்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2004 ஆகஸ்ட்டில் வந்த சர்வீஸ் பேக் 2 அதை இயல்பாகவே இயக்கியது. பூட் ஆகும் நேரத்திலும் ஒரு வடிகட்டி இருக்கும்படி செய்தது.

லினக்ஸ் பக்கம் வருவோம். இங்கே எடுத்துக்கொள்வது ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-உம், அதே கிளையில் வரும் அல்மா, ராக்கி ஆகியவையும். மூன்றிலும் இன்ஸ்டாலரின் பெயர் அனகோண்டா. தானியங்கி நிறுவலுக்கு அது படிக்கும் கோப்புதான் கிக்ஸ்டார்ட். கட்டளைகளை இந்த நூல் முழுக்க ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கோப்பில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஆரம்ப வரி இது:

ஃபயர்வால் --எனேபிள்டு --சர்வீஸ்=எஸ்எஸ்ஹெச்

இயந்திரம் தானாக வெளியே போய்க் கேட்கும் எதற்கும் தடையில்லை, அதற்கு வரும் பதில்களும் உள்ளே வரலாம். வெளியிலிருந்து புதிதாகக் கதவைத் தட்டுபவர்களில் இந்த வரி அனுமதிப்பது எஸ்எஸ்ஹெச்சை மட்டும் (கேட்காமலே திறப்பவை பற்றிப் பிறகு பார்ப்போம்). சர்வீஸ் என்ற இடத்தில் எழுதும் பெயர், இந்த சிஸ்டங்களில் ஃபயர்வாலை நடத்தும் சேவையான ஃபயர்வால்டி தன் கிடங்கில் வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பின் பெயர். எச்டிடிபிஎஸ், என்எஃப்எஸ், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று நூற்றுக்கும் மேற்பட்டவை அதில் உண்டு. பெயர் இல்லாத சேவைக்குப் போர்ட் எண்ணைக் கொடுக்கலாம்:

ஃபயர்வால் --எனேபிள்டு --சர்வீஸ்=எஸ்எஸ்ஹெச் --போர்ட்=8443:டிசிபி

எண்ணுக்கும் நெறிமுறைக்கும் நடுவில் இருப்பது முக்காற்புள்ளி என்பதைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஃபயர்வால்-சிஎம்டியைப் பயன்படுத்தும்போது 8443/டிசிபி என்று சாய்கோடு போட்டுப் பழகிய கை, இங்கேயும் சாய்கோடுதான் போடும். கோப்பைச் சரிபார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பைகிக்ஸ்டார்ட் பேக்கேஜில் வரும் கேஎஸ்-வேலிடேட்டர் தெரியாத ஆப்ஷன்களையும் எழுத்துப் பிழைகளையும் பிடித்துக் கொடுக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதை ஒரு தடவை ஓட்டுங்கள். ஆனால் நீங்கள் திறந்த போர்ட் சரியான போர்ட்தானா என்று அதற்குத் தெரியாது.

இந்த வரியை அனகோண்டா என்ன செய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பேக்கேஜ்கள் எல்லாம் டிஸ்க்கில் இறங்கிய பிறகு, புதிய சிஸ்டத்துக்குள் நுழைந்து ஃபயர்வால்-ஆஃப்லைன்-சிஎம்டி என்ற கருவியை அது அழைக்கிறது. உங்கள் வரியில் இருந்தவை அந்தக் கருவியின் ஆப்ஷன்களாக மாறிப் போகின்றன. அந்தக் கருவி விதிகளை கெர்னலில் ஏற்றுவதில்லை, எட்சி-ஃபயர்வால்டி அடைவில் இருக்கும் கோப்புகளில் எழுதிவைக்கிறது, அவ்வளவுதான். முதல் பூட்டில் ஃபயர்வால்டி எழுந்து அவற்றைப் படிக்கும். அந்தச் சேவை நெட்வொர்க் எழுவதற்கு முன்பே தொடங்கும்படி சிஸ்டம்டியில் வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், முதல் பாக்கெட் வரும் முன்பே விதிகள் நின்றிருக்கும். ஆன்சிபிள் கொண்டு பிறகு போடும் விதிகளுக்கு இந்த வசதி கிடையாது.

இன்ஸ்டால் முடிந்த சர்வரில் /வார்/லாக்/அனகோண்டா அடைவுக்குள் புரோகிராம்.லாக் என்றொரு கோப்பு கிடக்கும். ஃபயர்வால் என்று அதில் தேடுங்கள். ஆஃப்லைன் கருவி எந்தெந்த ஆப்ஷன்களோடு அழைக்கப்பட்டது என்று முழு வரியும் அங்கே இருக்கும். நீங்கள் எழுதாத ஒன்றும் அதில் இருந்தால் திகைக்க வேண்டாம். எஸ்எஸ்ஹெச் சேவையையோ 22-ஆம் போர்ட்டையோ வரியில் குறிப்பிடாவிட்டால், நீக்கவும் சொல்லாவிட்டால், அனகோண்டா தானாகவே எஸ்எஸ்ஹெச்சைச் சேர்த்துவிடும். தொலைவில் இருக்கும் சர்வரில் நீங்களே வெளியே மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற கரிசனம். நல்ல எண்ணம்தான். ஆனால் எஸ்எஸ்ஹெச்சை 2222-க்கு மாற்றி, அந்தப் போர்ட்டை மட்டும் திறந்துவிட்டதாக நினைப்பவருக்கு 22-உம் சேர்ந்து திறந்தே கிடக்கும். அப்படி மாற்றுகிறவர்கள் இப்படி எழுத வேண்டும்:

ஃபயர்வால் --எனேபிள்டு --போர்ட்=2222:டிசிபி --ரிமூவ்-சர்வீஸ்=எஸ்எஸ்ஹெச்

(போர்ட்டை மாற்றினால் எஸ்இலினக்ஸிடமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஃபயர்வாலில் வழி இருக்கும், எஸ்எஸ்ஹெச் சேவையோ எழவே எழாது. போர்ட் மாற்றம் பெரிய பாதுகாப்பு என்று நான் நினைக்கவில்லை. லாகில் சத்தம் குறையும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.)

நீங்கள் கேட்காமலே திறக்கும் இன்னொன்று காக்பிட். ஃபயர்வால்டி தன் விதிகளை ஸோன் என்ற தொகுப்புகளாக வைத்திருக்கிறது; 8-ஆம் பதிப்பிலிருந்து இயல்பான பப்ளிக் ஸோனில் எஸ்எஸ்ஹெச், டிஹெச்சிபிவி6-கிளையன்ட் ஆகியவற்றோடு காக்பிட்டுக்கான 9090-உம் அனுமதிப் பட்டியலில் இருக்கிறது. மினிமல் நிறுவலில் காக்பிட் பேக்கேஜே இறங்காததால் அன்றைக்கு ஆபத்தில்லை. ஆறு மாதம் கழித்து யாராவது அதை நிறுவி இயக்கும் நாளில், ஃபயர்வாலில் எதையும் தொடாமலே நிர்வாகப் பக்கம் வெளியே தெரியும். வேண்டாதவர்கள் ரிமூவ்-சர்வீஸில் இதையும் சேர்த்துவிடுங்கள். அதே வேகத்தில் டிஹெச்சிபிவி6-கிளையன்டையும் துடைத்துவிடாதீர்கள். ஐபிவி6 முகவரியை டிஹெச்சிபியில் வாங்கும் நெட்வொர்க்கில் அது இல்லாவிட்டால் பதில் உள்ளே வராது.

--ட்ரஸ்ட் என்றொரு ஆப்ஷன் உண்டு. ஒரு நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுத்தால், அதன் வழியாக வரும் எல்லாவற்றுக்கும் கதவு திறந்துவிடும். உள் நெட்வொர்க்தானே என்று இதைப் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. உள்ளே ஒரு கணினி கைமாறினால் மற்ற எல்லாக் கணினிகளும் அதற்குத் திறந்த வீடு. போதாக்குறைக்கு, நெட்வொர்க் கார்டின் பெயர் ஹார்டுவேரைப் பொறுத்து மாறும். விஎம்வேரில் இஎன்எஸ்192 என்று இருந்த பெயர் நிஜ சர்வரில் வேறாக இருக்கும். கார்டின் பெயரை நம்பி எழுதிய விதி யாருக்கும் தெரியாமல் செத்துக் கிடக்கும்.

--டிஸேபிள்டு பற்றி. ஃபயர்வாலே வேண்டாம் என்று சொல்லும் வரி இது. மேகக் கணினிகளுக்கான படிமங்களைக் கட்டும் கிக்ஸ்டார்ட் கோப்புகளில் இது இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே இயந்திரத்துக்கு வெளியே, வழங்குநரின் செக்யூரிட்டி குரூப் அந்த வேலையைச் செய்கிறது. அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்துத் தங்கள் ராக்கில் இருக்கும் சர்வருக்குப் போடுகிறவர்கள் காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு வரியை மட்டும் கொண்டுவருகிறார்கள். பேக்கேஜ் பட்டியலில் ஃபயர்வால்டிக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு நீக்கிவிட்டு, மேலே எனேபிள்டு என்று எழுதும் விபரீதமும் இந்த நகலெடுப்பில்தான் வருகிறது. ஆஃப்லைன் கருவியும் அந்த பேக்கேஜின் பகுதிதான். கருவி இல்லாவிட்டால் அனகோண்டா எதைக் கொண்டு அமைக்கும்?

ஒரு வரி எல்லாவற்றுக்கும் போதாது. எந்த முகவரியிலிருந்து வருபவருக்கு எந்த சேவை என்று ஃபயர்வால் வரியில் சொல்ல முடியாது. அதற்கு %போஸ்ட் பகுதிக்குப் போக வேண்டும். நிறுவல் முடிந்ததும், ரீபூட்டுக்கு முன், புதிய சிஸ்டத்துக்குள் க்ரூட் செய்து ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட் அது. அதிகம் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான். கை பழகிய ஃபயர்வால்-சிஎம்டியை இங்கே எழுதினால் ஃபயர்வால்டி ஓடவில்லை என்ற செய்தியோடு 252 என்ற எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஓடவில்லை என்பது உண்மைதானே, புதிய சிஸ்டம் இன்னும் பூட் ஆகவே இல்லை. பர்மனென்ட் என்று சேர்த்தாலும் பயனில்லை, அந்தக் கட்டளையும் ஓடும் டீமனோடு பேசித்தான் வேலை செய்யும். அனகோண்டா பயன்படுத்திய அதே ஆஃப்லைன் கருவிதான் இங்கேயும்.

ஒரு டேட்டாபேஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். நிர்வாகிகளின் கணினிகள் 10.20.30.0/24-இல் இருக்கின்றன, அவற்றுக்கு எஸ்எஸ்ஹெச் மட்டும் வேண்டும். அப்ளிகேஷன் சர்வர்கள் 10.20.40.0/24-இல், அவற்றுக்கு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மட்டும். வேறு யாருக்கும் எதுவும் இல்லை. ஃபயர்வால் வரியை முழுக்க மூடுவதற்கும், போஸ்ட் பகுதியை யாருக்குத் திறப்பது என்று சொல்வதற்கும் வைத்துக்கொள்கிறேன்:

ஃபயர்வால் --எனேபிள்டு --ரிமூவ்-சர்வீஸ்=எஸ்எஸ்ஹெச் --ரிமூவ்-சர்வீஸ்=காக்பிட்

%போஸ்ட் --எரர்ஆன்ஃபெயில் --லாக்=/ரூட்/கேஎஸ்-போஸ்ட்.லாக்
செட் -இ
ஃபயர்வால்-ஆஃப்லைன்-சிஎம்டி --நியூ-ஸோன்=அட்மின்
ஃபயர்வால்-ஆஃப்லைன்-சிஎம்டி --ஸோன்=அட்மின் --ஆட்-சோர்ஸ்=10.20.30.0/24
ஃபயர்வால்-ஆஃப்லைன்-சிஎம்டி --ஸோன்=அட்மின் --ஆட்-சர்வீஸ்=எஸ்எஸ்ஹெச்
ஃபயர்வால்-ஆஃப்லைன்-சிஎம்டி --நியூ-ஸோன்=ஆப்
ஃபயர்வால்-ஆஃப்லைன்-சிஎம்டி --ஸோன்=ஆப் --ஆட்-சோர்ஸ்=10.20.40.0/24
ஃபயர்வால்-ஆஃப்லைன்-சிஎம்டி --ஸோன்=ஆப் --ஆட்-சர்வீஸ்=போஸ்ட்கிரெஸ்க்யூஎல்
%எண்ட்

இப்படிப் பிரித்ததற்குக் காரணம், போஸ்ட் பகுதி எங்கேயாவது முறிந்தால் சர்வர் மூடிய நிலையில் நிற்கும். திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூடும் வரிசையில் எழுதியிருந்தால், முறியும் இடத்தைப் பொறுத்து ஏதோ ஒரு கதவு திறந்தே இருந்துவிடும். செட் -இ இல்லாமல் எரர்ஆன்ஃபெயில் போட்டால் அரைப் பயன்தான். கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும் பார்த்து எல்லாம் நலம் என்று ஸ்கிரிப்ட் சொல்லிவிடும், நடுவில் தோற்றது வெளியே தெரியாது.

ஸோன்கள் எப்படித் தேர்வாகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதை நம்பிக்கையோடு நீட்ட முடியாது. ஒரு பாக்கெட் வந்ததும் அனுப்பியவரின் முகவரி ஏதாவது ஸோனின் சோர்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று ஃபயர்வால்டி முதலில் பார்க்கும். இருந்தால் அந்த ஸோன்தான். இல்லாவிட்டால் பாக்கெட் வந்த நெட்வொர்க் கார்டின் ஸோன், அதுவும் சொல்லப்படவில்லை என்றால் இயல்பு ஸோன். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு ஸோன் மட்டுமே. 9-ஆம் பதிப்பில் வரும் ஃபயர்வால்டி 1.0-உம் அதற்குப் பிந்தையவையும் இதில் கறாராக இருக்கின்றன. ஆகவே நாளைக்கு இதே சர்வரின் பப்ளிக் ஸோனில் எச்டிடிபிஎஸ்ஸைத் திறந்தால், உலகத்துக்கெல்லாம் பக்கம் திறக்கும், நிர்வாகியின் கணினியில் மட்டும் திறக்காது. அவருடைய முகவரி அட்மின் ஸோனில் மாட்டியிருக்கிறது, அந்த ஸோனில் எச்டிடிபிஎஸ் இல்லை. "எனக்கு மட்டும்தான் வரவில்லை" என்று நிர்வாகியே புகார் சொல்லும் வேடிக்கை இதனால்தான்.

இதையே ரிச் ரூல் என்ற முறையிலும் எழுதலாம். முகவரி, சேவை, அனுமதி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடும். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் இரட்டை மேற்கோள்கள் வரும், ஷெல்லுக்காக அதைச் சுற்றி ஒற்றை மேற்கோள் வரும், கிக்ஸ்டார்ட்டை ஏதாவது டெம்ப்ளேட் கருவி உருவாக்கினால் அதற்கொரு தப்பிப்புக் குறி வரும். நாலு விதிக்கு மேல் போனால் படிப்பவர் கண் கட்டிவிடும். விதிவிலக்கான ஒன்றிரண்டுக்கு ரிச் ரூல், மற்றதற்கெல்லாம் ஸோன் என்பதே என் வழக்கம்.

ஆஃப்லைன் கருவியில் ஒரு சின்ன முள் இருக்கிறது. குறிப்பிட்ட ஸோனிலிருந்து ஒரு சேவையை நீக்க அங்கே --ரிமூவ்-சர்வீஸ்-ஃப்ரம்-ஸோன் என்று முழுசாக எழுத வேண்டும். வெறும் --ரிமூவ்-சர்வீஸ் என்பது லோக்கிட் என்ற பழைய கருவியோடு ஒத்துப்போவதற்காக வைத்திருக்கும் ஆப்ஷன். அது இயல்பு ஸோனை மட்டும் தொடும், --ஸோனோடு சேர்ந்து வராது.

சொந்த சேவைக்கு எக்ஸ்எம்எல் எழுதி, பெயர் வைத்துப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஃபயர்வால் வரி போஸ்ட்டுக்கு முன்பே செயல்பட்டுவிடும். போஸ்ட்டில் உருவாக்கும் சேவையின் பெயரை மேலே உள்ள வரியில் எழுதினால், அந்த நேரத்தில் அப்படி ஒரு சேவையே இல்லை. அந்தக் கோப்பை ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டி பேக்கேஜ் பட்டியலில் சேர்த்தால் மேலே எழுதலாம், இல்லாவிட்டால் சேர்ப்பதையும் போஸ்ட்டிலேயே செய்துவிடுங்கள்.

இயல்பு ஸோனை ட்ராப் என்று மாற்றிவிடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். பப்ளிக் ஸோன் வேண்டாத பாக்கெட்டுக்கு மறுப்பு அனுப்பும், ட்ராப் ஸோன் மௌனமாக விழுங்கிவிடும். இணையத்தை நேராகப் பார்க்கும் இயந்திரத்துக்கு ட்ராப் போடுவதில் தவறில்லை. அலுவலக உள் நெட்வொர்க்கில் வேண்டாம் என்பேன். மறுப்பு உடனே கிடைத்தால் அப்ளிகேஷன் உடனே பிழை காட்டும், ஆளும் உடனே பார்ப்பார். மௌனம் என்றால் டைம்அவுட் வரை எல்லாம் தொங்கும், பழியும் முதலில் டேட்டாபேஸ் மேல்தான் விழும்.

இதுவரை சொன்ன எதுவும் இன்ஸ்டாலர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைக் காப்பதில்லை. அந்த விதிகள் டிஸ்க்கில் எழுதப்படும் புதிய சிஸ்டத்துக்கானவை. இன்ஸ்டாலை வெளியிலிருந்து பார்ப்பதற்காக பூட் வரியில் இன்ஸ்ட்.எஸ்எஸ்ஹெச்டி சேர்ப்பவர்கள், அந்த நேரத்து ரூட் கணக்குக்கு இயல்பில் பாஸ்வேர்டே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். எஸ்எஸ்ஹெச்பிடபிள்யூ என்ற கிக்ஸ்டார்ட் கட்டளை இதற்காகவே இருக்கிறது. நிறுவலுக்கென்று தனி விலான் இருந்தால் இன்னும் நல்லது.

உபுண்டு, டெபியன் ஆட்களுக்கு: டெபியனின் ப்ரிசீடிலும், உபுண்டு சர்வரில் 20.04 முதல் வந்த ஆட்டோஇன்ஸ்டாலிலும் ஃபயர்வாலுக்கென்று தனிக் கட்டளை கிடையாது. முன்னதில் லேட்-கமாண்ட், பின்னதில் லேட்-கமாண்ட்ஸ் வழியாக யுஎஃப்டபிள்யூவை அமைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயும் புதிய சிஸ்டம் ஓடவில்லை என்ற அதே கவனம் தேவை. விண்டோஸில் அன்அட்டென்ட் கோப்பிலேயே ஃபயர்வாலுக்குத் தனிப் பகுதி உண்டு.

சோதனைக்கு வருவோம். நிஜ சர்வரில் ஏற்றும் முன் விர்ட்-இன்ஸ்டாலில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை எழுப்பி, கிக்ஸ்டார்ட் கோப்பை அதற்குள் செருகி ஓடவிடுங்கள். எஸ்எஸ்ஹெச்சை ஒரு முகவரிக் கூட்டத்துக்குள் அடைத்திருக்கும்போது ஒரு இலக்கம் தவறினாலும் ஐடிராக், ஐஎல்ஓ மாதிரி கன்சோல் வழியாகத்தான் உள்ளே போக முடியும். அந்த வழி திறக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.

பூட் ஆனதும் உள்ளே போய் ஃபயர்வால்-சிஎம்டி --ஸ்டேட், பிறகு --லிஸ்ட்-ஆல்-ஸோன்ஸ். இப்போது டீமன் ஓடுகிறது, ஆகவே இந்தக் கருவி பேசும். இங்கே தெரிவது ஃபயர்வால்டி எதை நம்புகிறது என்பது மட்டும்தான். கெர்னலில் உண்மையில் நிற்பதைப் பார்க்க என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட். எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காது வைத்திருக்கிறது என்று எஸ்எஸ் -டிஎல்என்பி காட்டும். டாக்கர் ஓடும் சர்வர் என்றால் இந்த இடத்தில் நின்று பாருங்கள். கன்டெய்னருக்காக டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் அதுவே போட்டுக்கொள்ளும் விதிகள் வழியாகத் திரும்பிப் போவதால், ஸோனில் நீங்கள் மூடி வைத்திருப்பது அவற்றைத் தடுக்காது. உள்ளூர்ப் பயன்பாடு மட்டும் என்றால் 127.0.0.1-இல் வெளியிடச் சொல்லுங்கள்.

பிறகு வெளியிலிருந்து என்மேப். மேலே உள்ள உதாரணத்துக்கு மூன்று இடங்களிலிருந்து ஓட்ட வேண்டும்: நிர்வாகியின் கணினியில் 22 மட்டும், அப்ளிகேஷன் சர்வரில் 5432 மட்டும், இரண்டிலும் சேராத ஒரு கணினியில் எதுவுமே திறந்ததாகத் தெரியக்கூடாது. போஸ்ட்கிரெஸ் இன்னும் நிறுவப்படவில்லை என்றால் 5432 மூடியதாகத்தான் காட்டும். ஃபயர்வால் தடுக்கும் போர்ட்டை என்மேப் ஃபில்டர்டு என்றும், அனுமதி இருந்தும் நிரல் இல்லாததை க்ளோஸ்டு என்றும் பிரித்துச் சொல்லும். கடைசியாக ஒரு தரம் ரீபூட் செய்து, மூன்று இடங்களிலிருந்தும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகு அந்தக் கிக்ஸ்டார்ட் கோப்பைக் கிட்டில் சேருங்கள்.